குன்னுடையாவும் சாம்புவனும்: மாயக்கதைத் தொடர்களில் சமத்துவமின்மையும் திருப்பூரின் உழைப்புக் கணக்கும்

மாயக்கதைத் தொலைக்காட்சித் தொடர்களை நாம் பெரும்பாலும் ஒரே குற்றச்சாட்டோடு கடந்து செல்கிறோம்: அவை மூடநம்பிக்கையை வளர்க்கின்றன என்பதே அது. 1990களில் வந்த 'மர்ம தேசம்' தொடங்கி, இந்தியிலிருந்து மொழிமாற்றம் செய்யப்பட்ட 'நாகினி', 2017இல் சன் தொலைக்காட்சியில் தொடங்கிய 'நந்தினி' வரை, காவல் தெய்வங்களும் பாம்புப் பெண்களும் முற்பிறவிப் பகைகளும் தமிழ் வீடுகளின் இரவு நேரத்தை நிரப்பி வந்திருக்கின்றன. மூடநம்பிக்கை பற்றிய விமர்சனம் தேவையானதுதான். ஆனால் அதோடு நின்றுவிட்டால், இக்கதைகள் சமூகத்தைப் பற்றி என்ன சொல்கின்றன என்பது நம் கண்ணில் படாமல் போய்விடுகிறது.

இத்தொடர்களில் ஏற்றத்தாழ்வு மறைக்கப்படுவதில்லை. அரண்மனையும் உண்டு, அதைப் பெருக்குபவரும் உண்டு. பெரிய வீடும் உண்டு, அதன் கொல்லைப்புறத்தில் நிற்பவரும் உண்டு. எனவே ஒரு தொடர் ஏற்றத்தாழ்வைக் காட்டுகிறதா என்று மட்டும் கேட்பதால் அதிகப் பயனில்லை. அந்த ஏற்றத்தாழ்வுக்கு அது என்ன காரணம் சொல்கிறது? யாருடைய உழைப்பைக் கணக்கில் சேர்க்கிறது? யாருக்கு உயரும் வழியைத் திறந்துவிடுகிறது? இக்கேள்விகளோடு, கொங்கு மண்ணின் சொந்த மாயக்கதையான அண்ணன்மார் கதையையும், அது தொலைக்காட்சிக்கு வந்த வரலாற்றையும் இக்கட்டுரையில் ஆராய்கிறோம். அதே மண்ணில் எழுந்த திருப்பூர்ப் பின்னலாடைத் தொழில் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதையை அதற்கு அருகில் வைத்துப் பார்க்கிறோம்.

பிறப்பு ரகசியம் என்னும் உத்தி

மாயக்கதைகளில் மிகப் பரவலாகக் கையாளப்படும் உத்தி பிறப்பு ரகசியம். இழிவுபடுத்தப்பட்ட ஒருவர் துன்பங்களைக் கடந்து உயர்கிறார். அவர் உயர்ந்ததற்குக் காரணம் அவர் உண்மையில் உயர்குடியில் பிறந்தவர் என்பது கதையின் ஒரு கட்டத்தில் தெரியவருகிறது. உலகெங்கும் பார்க்கப்பட்ட 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' (2011–2019) தொடரில், முறையற்ற வழியில் பிறந்தவர் என்று ஏளனம் செய்யப்பட்ட ஜான் ஸ்னோ இறுதியில் அரச வாரிசு என்று வெளிப்படுகிறார். நம் ஊர்த் தொடர்களிலோ, வேலைக்காரப் பெண் முற்பிறவியில் இளவரசியாகவோ அம்மனின் அருள் பெற்றவராகவோ இருக்கிறார். இருவகைக் கதைகளிலும் இழிவு தவறான ஆளின் மேல் விழுந்துவிட்டது என்பதே கதையின் வருத்தம். இழிவே தவறு என்ற முடிவுக்குக் கதை செல்வதில்லை.

இந்த உத்தி தொலைக்காட்சியின் கண்டுபிடிப்பு அன்று. தமிழ் நாட்டுப்புறக் கதைப்பாடல்களில் இது ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அருந்ததியர் குடும்பத்தில் வளர்ந்த மதுரை வீரன், பிறப்பால் அரச குமாரன் என்று கதை சொல்கிறது. எம்.ஜி.ஆர். நடித்து 1956இல் வெளிவந்த திரைப்படமும் இதே கதையைப் பின்பற்றியது. வளர்ப்புப் பெற்றோராக என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும் நடித்தனர். பார்ப்பனப் பெண்ணான ஆரியமாலாவைக் காதலித்துக் கழுவேற்றப்பட்ட காத்தவராயனுக்கும் தெய்வப் பிறப்பும் சாபமும் பின்புலமாகத் தரப்பட்டன. முத்துப்பட்டன் கதையில் பார்ப்பன இளைஞர் ஒருவர் பொம்மக்கா, திம்மக்கா என்னும் அருந்ததியர் பெண்கள் இருவரை மணக்கிறார். அப்பெண்களும் பிறப்பால் பார்ப்பனர்களே என்று சில பாடங்கள் சொல்கின்றன. இக்கதைப்பாடல்களைத் தேடிப் பதிப்பித்த ஆய்வறிஞர் நா. வானமாமலை, இத்தகைய பிறப்புக் கதைகள் பிற்காலத்தில் சேர்க்கப்பட்டவை என்று எடுத்துக்காட்டினார்.

சாதி மீறிய காதலுக்காகக் கொல்லப்பட்ட ஒருவரை மக்கள் தெய்வமாக்கி விடுகிறார்கள். அந்த நினைவை அழிக்க இயலாத ஆதிக்கச் சமூகம் அவருடைய பிறப்பைத் திருத்தி எழுதுகிறது. மீறல் நடந்ததாகப் பாடலாம். ஆனால் அது உண்மையில் மீறலே அன்று என்றாகி விடுகிறது. இந்தத் திருத்தம் பழங்காலத்தோடு முடிந்த செய்தி என்று நாம் ஆறுதல் கொள்ள இயலாது. 2016 மார்ச் 13 அன்று திருப்பூர் மாவட்டம் உடுமலைப்பேட்டையில், சாதி மறுத்து மணந்துகொண்ட தலித் பொறியியல் மாணவர் பேருந்து நிலையத்துக்கு அருகே பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். அவருக்குக் காசி மன்னரின் குமாரன் என்னும் பிறப்பு ரகசியம் எதுவும் இல்லை. இருந்திருக்கத் தேவையும் இல்லை. மனிதர் என்பதற்கு மேல் ஒரு தகுதிச் சான்று கேட்கும் கதைகளை நாம் கவனமாக வாசிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

அண்ணன்மார் கதை தொலைக்காட்சிக்கு வந்த வழி

பொன்னர், சங்கர் என்னும் சகோதரர்களின் கதையே அண்ணன்மார் சுவாமி கதை. கொங்கு வட்டாரத்தில் உடுக்கை அடித்துப் பல இரவுகள் தொடர்ந்து பாடப்பட்டு வந்த நெடுங்கதை இது. மணப்பாறைக்கு அருகிலுள்ள வீரப்பூரில் மாசித் திருவிழாவின்போது, சகோதரர்கள் மாண்ட படுகளம் ஆண்டுதோறும் நிகழ்த்திக் காட்டப்படுகிறது.

கனடாவைச் சேர்ந்த மானுடவியலாளர் பிரெண்டா பெக், 1960களின் நடுவில் காங்கேயம் வட்டாரத்தின் ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்தார். இன்று அப்பகுதி திருப்பூர் மாவட்டத்தில் இருக்கிறது. கொங்கு வேளாண் சமூகத்தின் சாதி அமைப்பை, வலங்கை இடங்கைப் பிரிவுகளின் வழியே விளக்கும் அவரது நூல் 1972இல் வெளிவந்தது. 1965இல் இதே ஊரில் அவர் அண்ணன்மார் கதையை ஒலிப்பதிவு செய்தார். அக்கதையைப் பற்றிய அவரது ஆய்வு நூல் 1982இலும், தமிழ் மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் கொண்ட பதிப்பு 1992இல் சென்னையிலும் வெளிவந்தன. பின்னர் அவரே இக்கதையை 'தி லெஜண்ட் ஆஃப் பொன்னிவளா' என்ற பெயரில் 26 பகுதிகள் கொண்ட அசைவூட்டத் தொலைக்காட்சித் தொடராக்கினார். ஓவியர் ரவிச்சந்திரன் ஆறுமுகம் வரைந்த அத்தொடர், ஆங்கிலத்திலும் தமிழிலும் உருவாக்கப்பட்டுக் கனடாவில் ஒளிபரப்பானது. இதனிடையே மு. கருணாநிதி இக்கதையைப் 'பொன்னர் சங்கர்' என்னும் நாவலாக எழுதினார். தியாகராஜன் இயக்கத்தில் 2011இல் அது திரைப்படமாயிற்று.

மாயக்கதைக்குரிய அனைத்தும் இதில் உண்டு. பார்வதியால் படைக்கப்பட்ட முதல் உழவர், குழந்தைப் பேறு வேண்டிக் கடுந்தவம் செய்து பலமுறை மாண்டு மீண்டு எழும் தாமரை, நிலத்துக்கடியில் ஒளித்து வளர்க்கப்படும் ஆண் குழந்தைகள், வரவிருப்பதைக் கனவில் காணும் தங்கை, வேட்டுவர்கள் வளர்க்கும் கொம்பன் என்னும் மாபெரும் காட்டுப்பன்றி, அதை வீழ்த்த உதவும் சிறு பெண் நாய் என அதன் உலகம் விரிகிறது. எந்த நாட்டின் கற்பனைத் தொடருக்கும் இது குறைந்தது அன்று. கொங்கின் தலித் மக்கள் உட்பட எல்லாச் சமூகத்தாரும் கேட்டும் வணங்கியும் வந்த கதை என்பதால், இதை வெறுத்து ஒதுக்குவது நம் நோக்கம் இல்லை. இதன் உள்ளே இருக்கும் ஒரு கணக்கைத் திறந்து பார்ப்பதே நோக்கம்.

ஒரே கதையில் இரு பணியாளர்கள்

அண்ணன்மார் கதையில் பிறர் வீட்டில் வேலை செய்து வாழும் ஆண்கள் இருவர் வருகிறார்கள்.

முதலாமவர் சகோதரர்களின் தந்தை குன்னுடையாக் கவுண்டர். சிறுவயதில் பெற்றோரை இழந்து, பங்காளிகளால் விரட்டப்பட்டு, உரிமை நிலத்தை இழந்து அலைகிறார். ஒரு வீட்டில் மாடு மேய்க்கும் ஆளாகச் சேர்கிறார். அந்த வீட்டுப் பெண்ணான தாமரையை மணந்துகொண்டு, தன் தந்தையின் நிலத்துக்குத் திரும்பி, அதை மீட்டு நாட்டுக்குத் தலைவராகிறார். அவர் மேய்ப்பவராக இருந்த காலம் சோதனைக் காலம்; அதன் முடிவில் நிலமும் மணமும் மதிப்பும் காத்திருக்கின்றன.

இரண்டாமவர் சாம்புவன். பறையர் என்று பாடப்படுபவர். மகன்களின் காலத்தில் அவர்களுடைய முதன்மைப் பணியாளர். உடல் வலிமையில் எவருக்கும் குறையாதவர். நகைச்சுவை அவரிடம் இருக்கிறது; துணிவும் இருக்கிறது. வேட்டையானாலும் போரானாலும் சங்கரின் கட்டளையை நிறைவேற்றுபவர் அவரே. ஆனால் அவருடைய பணிக்காலத்துக்கு முடிவு என்று ஒன்று இல்லை. அவர் மீட்டெடுக்க வேண்டிய நிலம் எதுவும் கதையில் சொல்லப்படவில்லை. அவருக்குத் திறக்கப்படும் பிறப்பு ரகசியமும் இல்லை. அவருடைய வலிமை பிறர் வெற்றிக்குக் கருவியாகிறது. அவருடைய பற்றுறுதி புகழப்படுகிறது. விசுவாசத்துக்கு ஒரு சிலையும் படையலும் கிடைக்கின்றன. பங்கு கிடைப்பதில்லை.

பெயர்களையே கவனிக்கலாம். பொன்னர், சங்கர் என்னும் பெயர்கள் மரியாதை விகுதியோடே வழங்குகின்றன; குன்னுடையா மாடு மேய்த்த காலத்தைச் சொல்லும்போதும் அவர் கவுண்டரே. சாம்புவன் மட்டும் போரில் எத்தனை பேரை வீழ்த்தினாலும் 'அன்' விகுதியோடே நிற்கிறார். மொழியில் ஊறிவிட்ட ஏற்றத்தாழ்வு, எந்த மந்திரத்தாலும் மாறாமல் கதைக்குள் அப்படியே இருக்கிறது.

உழைப்பு இருவருக்கும் பொதுவானது. ஆனால் ஒருவரின் உழைப்பு வாரிசுரிமைக்கு ஏறிச் செல்லும் படி. மற்றவரின் உழைப்பு அவருடைய இயல்பு என்று முத்திரையிடப்பட்டது. சாதி என்பது வேலைகளை வகுப்பதோடு நில்லாமல் வேலை செய்வோரையே மேல்கீழாக அடுக்கி நிறுத்துகிறது என்று அண்ணல் அம்பேத்கர் 1936இல் விளக்கினார். அந்த அடுக்கு ஒரு கதைக்குள் எப்படிச் செயல்படுகிறது என்பதைக் குன்னுடையாவையும் சாம்புவனையும் அருகருகே நிறுத்திப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம்.

கதையின் பகைவர்களும் இதே கணக்குக்குள் வருகிறார்கள். முதல் உழவர் ஏர் பூட்டுவதற்கு முன்பே அந்நாட்டில் கைவினைஞர்கள் இருந்தார்கள். காட்டில் வேட்டுவர்கள் வாழ்ந்தார்கள். உழவுக்கு வரும் நிலம் சோழ மன்னரால் தரப்பட்டது, தெய்வத்தால் விதிக்கப்பட்டது என்று கதை சொல்லும்போது, முன்பே அங்கிருந்தவர்களின் எதிர்ப்பு சூழ்ச்சியாகவும் கொடுமையாகவும் மாறிவிடுகிறது. ஏர் நுழைவதற்குமுன் நிலம் வெறுமையாகக் கிடந்தது என்று நம்ப வைப்பதில் மாயப்பன்றிக்கும் பங்கு இருக்கிறது.

திருப்பூர் சொல்லிக்கொள்ளும் கதை

இந்த அமைப்பு பழங்கதைக்குள் மட்டும் உறைந்து கிடக்கவில்லை. திருப்பூரில் 1920களில் இசுலாமியத் தொழில்முனைவோர் சிலரால் தொடங்கப்பட்ட பனியன் தொழில், இன்று உலகச் சந்தைக்கு ஆடை அனுப்புகிறது. 2024–25 நிதியாண்டில் இந்நகரின் பின்னலாடை ஏற்றுமதி 40,000 கோடி ரூபாயைக் கடந்தது. இந்த வளர்ச்சியைப் பற்றி ஊரில் அடிக்கடி கேட்கும் விளக்கம் ஒன்று உண்டு: காட்டில் பாடுபட்ட சாதாரண உழவர்கள் பனியன் கம்பெனியில் தொழிலாளியாகச் சேர்ந்து, இரவுபகலாக உழைத்து, முதலாளியானார்கள்.

இந்த விளக்கம் பொய் அன்று. ஆய்வாளர் ஷரத் சாரி 2004இல் வெளியிட்ட திருப்பூர் பற்றிய நூல் இதையே மையமாக எடுத்துக்கொண்டது. எளிய வேளாண் பின்னணியிலிருந்து வந்த கவுண்டர்கள் பலர் உண்மையிலேயே தொழிலாளர்களாக இருந்து உரிமையாளர்களானார்கள். அவர்கள் தங்கள் உயர்வுக்குக் காரணமாக உழைப்பையே சுட்டினார்கள். அந்நூல் இவ்வளர்ச்சிக்குச் சகோதரத்துவ மூலதனம் என்று பொருள்படும் பெயரைச் சூட்டியது. தன் சாதியைச் சேர்ந்த முதலாளியிடம் தொழில் கற்பது, கூட்டாளியைக் கண்டடைவது, கடன் பெறுவது, வேலை ஒப்பந்தம் பெறுவது, மண உறவால் முதல் திரட்டுவது ஆகியவை எல்லாம் அந்தச் சகோதரத்துவத்தின் வழியே ஓடின.

இங்கே நாம் குன்னுடையாவை நினைவுகூர்கிறோம். பிறர் வீட்டில் வேலை செய்தார், உழைத்தார், உயர்ந்தார் என்பது உண்மை. திரும்பிச் செல்ல ஒரு நிலமும் ஏற்றுக்கொள்ள ஒரு குலமும் அவருக்கு இருந்தன என்பதும் அதே அளவுக்கு உண்மை. அவரோடு அதே பட்டியில் மாடு மேய்த்த அருந்ததியச் சிறுவனுக்கு இவ்விரண்டும் இல்லை. ஆண்டுக் கணக்கில் பண்ணையத்தில் விடப்பட்ட அத்தகைய சிறுவர்களின் வாழ்வைப் பெருமாள்முருகன் 'கூளமாதாரி' நாவலில் எழுதியிருக்கிறார். எந்த மாயமும் இல்லாத அந்நாவலை அண்ணன்மார் கதையோடு சேர்த்து வாசித்தால், 'உழைத்தால் உயரலாம்' என்ற வாக்கியத்தில் விடுபட்டுப் போன நிபந்தனைகள் புலப்படும்.

சாம்புவனின் இடம் இன்று

பனியன் கம்பெனி தலித் மக்களுக்கு எதையும் தரவில்லை என்று சொல்வது நேர்மையாகாது. திருப்பூரைச் சுற்றியுள்ள ஊர்களில் நீண்ட களஆய்வு செய்த கிரேஸ் கார்ஸ்வெல், கீர்ட் டி நெவ் ஆகியோர் இரு வேறு நிலைமைகளைப் பதிவு செய்திருக்கிறார்கள். நகரத்துக்கு எளிதில் வந்துபோகக்கூடிய ஊரில், தலித் இளைஞர்கள் பின்னலாடை வேலைக்குச் சென்று, உள்ளூர் நிலவுடைமையாளரைச் சார்ந்திருக்கும் நிலையிலிருந்து பெருமளவு விடுபட்டார்கள். விசைத்தறிகள் நிறைந்த மற்றோர் ஊரிலோ, அருந்ததியர் தறி உரிமையாளரிடம் முன்பணம் வாங்கி, அதை அடைக்க முடியாமல் அதே தறியில் கட்டுண்டு கிடந்தார்கள். நிலத்தில் இருந்த கொத்தடிமை முறை தறிக்கு இடம் மாறியது.

பஞ்சாலைகளின் நிலையும் நாம் அறிந்ததே. 'சுமங்கலித் திட்டம்' என்னும் மங்கலப் பெயரில் இளம்பெண்கள் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் விடுதிகளில் தங்கவைக்கப்பட்டு, இறுதியில் திருமணச் செலவுக்கு ஒரு தொகை தரப்படும் என்ற வாக்குறுதியோடு வேலை வாங்கப்பட்டார்கள். அவர்களில் பெரும் பகுதியினர் தலித் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். மூன்றாண்டு முடிவதற்குள் நோயுற்றோ விலகியோ வீடு திரும்பியவர்களுக்கு அத்தொகை மறுக்கப்பட்டது பல ஆய்வறிக்கைகளில் பதிவாகியிருக்கிறது. பொறுமையாகத் துன்பத்தைச் சகித்தால் இறுதியில் ஒரு வரம் உண்டு என்பது மாயக்கதையின் விதி. அதே விதியைக் கூலி ஒப்பந்தமாக எழுதினால் சுமங்கலித் திட்டம் கிடைக்கும்.

கம்பெனிக்குள்ளும் வேலைகளுக்கு அடுக்குகள் உண்டு. கட்டிங் மாஸ்டர், பவர்டேபிள் டெய்லர், செக்கிங், அயர்ன், பேக்கிங், பிசிறு வெட்டும் கைமடி என ஒவ்வொரு நிலைக்கும் ஒரு கூலி இருக்கிறது. ஒரு மதிப்பு இருக்கிறது. மேல்நிலைகளுக்கு யார் எந்த வழியில் வருகிறார்கள், கான்ட்ராக்ட் எடுக்கும் அளவுக்கு யாருக்குக் கடன் கிடைக்கிறது, ஆர்டர் குறையும்போது முதலில் யார் வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்கள் என்ற கேள்விகளுக்கு உழைப்பு ஒன்றையே விடையாகச் சொல்ல முடியாது.

உழைப்பைப் பற்றி இந்நகரில் வேறொரு கதையும் உண்டு. 1984இல் பஞ்சப்படி கேட்டுத் திருப்பூர்ப் பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தனியொருவர் உயர்ந்த கதைகள் மேடைகளிலும் பாராட்டு விழாக்களிலும் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகின்றன. பல்லாயிரம் பேர் சேர்ந்து நான்கு மாதங்களுக்கும் மேலாகப் பசியைத் தாங்கி நின்ற அந்தக் கதைக்கு இதுவரை ஒரு தொலைக்காட்சித் தொடர் இல்லை.

கதையைத் திருத்த முடியுமா

முடியும் என்பதற்கு இந்தியத் தொலைக்காட்சி வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. ராமானந்த் சாகரின் 'ராமாயண்' 1987–88இல் தூர்தர்ஷனில் ஒளிபரப்பாகி, ராமன் முடிசூட்டிக்கொண்டதோடு நிறைவடைய இருந்தது. வால்மீகியைத் தம் முன்னோராகக் கருதும் வட இந்தியத் தூய்மைப் பணியாளர்கள், அவர் நேரடியாக இடம்பெறும் உத்தர காண்டமும் காட்டப்பட வேண்டும் என்று கோரினார்கள். 1988இல் ஜலந்தரில் தொடங்கிய அவர்களின் வேலைநிறுத்தம் வேறு பல நகரங்களுக்கும் பரவியது; குப்பை குவிந்தது. இறுதியில் அரசு இறங்கிவந்து, மேலும் பகுதிகளைத் தயாரிக்கச் செய்தது. அக்காவியத்தின் உள்ளடக்கம் குறித்து நமக்குக் கடுமையான விமர்சனங்கள் உண்டு; சம்பூகன் கொல்லப்படுவதும் அதே உத்தர காண்டத்தில்தான். என்றாலும் திரையில் தமக்குரிய இடத்தைத் தம் உழைப்பை நிறுத்திக் கேட்டுப் பெற்றவர்கள் தலித் தொழிலாளர்கள் என்னும் வரலாறு நமக்கு முக்கியமானது.

மாயக்கதை வடிவத்தையே நம் கையில் எடுப்பது இன்னொரு வழி. மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' (2018) படத்தில் கொல்லப்பட்ட நாய் கருப்பி மீண்டும் மீண்டும் தோன்றுகிறது. 'கர்ணன்' (2021) படத்தில் இறந்த சிறுமி காட்டுப்பேச்சியாகத் தெய்வ முகத்தோடு நிற்கிறாள். பா. ரஞ்சித்தின் 'தங்கலான்' (2024) கோலார் தங்கத்தைத் தேடிச் செல்லும் தலித் மக்களின் கதையை ஆவிகளோடும் கனவுகளோடும் சொல்கிறது. நிலம் யாருடையது என்ற கேள்வி அதன் மையத்தில் இருக்கிறது. இப்படங்களில் மாயம் இழந்தவர்களின் நினைவாக வருகிறது. அவர்களை உயர்குடியில் பிறந்தவர்களாக மாற்றுவதற்காக வரவில்லை. தொலைக்காட்சித் தொடர்கள் இன்னும் இந்த இடத்தை எட்டவில்லை.

கதையைத் திறந்து பேசுவது எப்போதும் எளிதன்று என்பதையும் கொங்கு நமக்குக் கற்பித்திருக்கிறது. 'மாதொருபாகன்' நாவலுக்கு எழுந்த எதிர்ப்பையடுத்து, எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று பெருமாள்முருகன் 2015 ஜனவரியில் அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்று தீர்ப்பளித்தது. ஒரு வட்டாரத்தின் கதை யாருக்குச் சொந்தம் என்பது இங்கே அரசியல் கேள்வி. சில நேரங்களில் அது உயிர்க் கேள்வியும் கூட.

வாசிப்புக்குச் சில கேள்விகள்

மாணவர் வாசக வட்டங்களிலும் தொழிலாளர் கூட்டங்களிலும் ஒரு மாயக்கதைத் தொடரை எடுத்துக்கொண்டு விவாதிப்பதற்குப் பின்வரும் கேள்விகள் உதவும்.

முதலாவது, இத்தொடரில் வேலை செய்பவர்கள் யார்? சமைப்பவர், பெருக்குபவர், காவல் நிற்பவர், பறை அடிப்பவர் ஆகியோருக்குப் பெயர் இருக்கிறதா? குடும்பம் இருக்கிறதா? அவர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் காட்சி ஒன்றாவது வருகிறதா?

இரண்டாவது, தாழ்ந்த நிலையில் இருக்கும் ஒருவர் உயரும்போது அதற்கு என்ன காரணம் சொல்லப்படுகிறது? பிறப்பா, வரமா, மணமா, அல்லது பலர் சேர்ந்து நடத்திய போராட்டமா?

மூன்றாவது, தீமை யாருடைய உடலில் வைக்கப்படுகிறது? அரக்கர்களின் நிறம், பேச்சு, உணவு, வாழிடம் ஆகியவை எந்த மக்களை நினைவூட்டுகின்றன?

நான்காவது, நிலம் யாரிடமிருந்து வந்தது? தெய்வமோ மன்னரோ கொடுத்ததாகச் சொல்லப்படும் நிலத்தில் அதற்கு முன் யார் இருந்தார்கள்?

ஐந்தாவது, யாரை 'அவர்' என்றும் யாரை 'அவன்', 'அவள்' என்றும் தொடர் அழைக்கிறது? பணியாளர் முதலாளியை அழைக்கும் சொல்லும் முதலாளி பணியாளரை அழைக்கும் சொல்லும் எவை?

இக்கேள்விகளைத் தொடர்களிடம் கேட்கப் பழகியவர்கள், பாராட்டு விழா உரையையும் வேலை ஒப்பந்தத்தையும் தேர்தல் மேடைப் பேச்சையும் இதே கண்ணோடு வாசிப்பார்கள்.

இறுதியாக, திருப்பூர் வட்டாரக் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு பணியை முன்வைக்கிறோம். அண்ணன்மார் கதை ஓலப்பாளையத்தில் ஒலிப்பதிவு செய்யப்பட்டு 60 ஆண்டுகள் கடந்துவிட்டன. காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம், அவிநாசி, பல்லடம் வட்டாரங்களின் பறையர், அருந்ததியர் குடியிருப்புகளில் இக்கதையைக் கேட்டு வளர்ந்த முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சாம்புவனை அவர்கள் எப்படி நினைவில் வைத்திருக்கிறார்கள்? அவருடைய தாய் யார், மனைவி யார், படுகளத்தில் அவர் மாண்டபின் அவர் வீட்டில் என்ன நடந்தது என்று எங்காவது பாடப்படுகிறதா? சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரியிலோ எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கலைக் கல்லூரியிலோ பயிலும் ஒரு மாணவர் கைப்பேசியோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டால் போதும். 1984 வேலைநிறுத்தத்தில் நின்றவர்களையும் அதே பயணத்தில் சந்தித்துப் பதிவு செய்யலாம். அடுத்து எழுதப்படும் தொடரில் சாம்புவன் தன் கதையைத் தானே சொல்வதற்கு, அவரைப் பற்றிய நினைவுகள் முதலில் நம் கைக்கு வந்து சேர வேண்டும்.